ஸைமோனில் கணினிகளை வகுப்புகளாகப் பிரித்தல்: முழுமையான வழிகாட்டி

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள ஏழு விருந்தினர் விடுதிகளின் கணினிகளை, திருகோணமலை உவர்மலையிலுள்ள ஒரு சிறிய அறையில் இருந்துகொண்டு பராமரிப்பது என் தொழில். ஒவ்வொரு விடுதியிலும் இணைய இணைப்பைப் பங்கிட்டுக் கொடுக்கும் கையடக்கக் கணினி ஒன்றும், முன்பதிவு மென்பொருள் ஓடும் வழங்கி ஒன்றும் உள்ளன. வரவேற்பு மேசைகளில் மொத்தம் 11 கணினிகள் இருக்கின்றன. இவற்றின் தரவை இரவில் படியெடுத்து வைக்கும் காப்பக வழங்கிகள் இரண்டு என் அறையிலேயே உள்ளன. ஆக 27. எல்லாவற்றிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. எல்லாவற்றையும் கண்காணிப்பது ஸைமோன் என்னும் மென்பொருள். அதில் கணினிகளை வகுப்புகளாகப் பிரிக்கும் வேலையை முதல் முறை பிழையாகச் செய்து, ஒரு வருடம் அதனோடு மல்லுக்கட்டிய பின் முழுவதையும் கலைத்துவிட்டு மறுபடி செய்தேன். இரண்டாம் முறை பின்பற்றிய ஒழுங்கையே இங்கே எழுதுகிறேன்.

ஸைமோனைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்குச் சில வரிகள். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் ஸ்டோர்னர், பிக் பிரதர் என்ற பழைய கண்காணிப்பு மென்பொருளுக்குத் துணைக்கருவியாக 2002 இல் எழுதத் தொடங்கியது, பின்னர் ஹாபிட் என்ற பெயரில் தனி மென்பொருளாகி, 2008 இல் ஸைமோன் எனப் பெயர் மாறியது. கண்காணிக்கப்படும் ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறிய கிளையண்ட் நிரல் ஓடும். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வட்டின் நிறைவு, நினைவகம், ஓடும் நிரல்கள், பதிவுக் கோப்புகளின் (கணினி தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்புகளின்) இறுதி வரிகள் ஆகியவற்றைத் திரட்டி 1984 ஆம் போர்ட் வழியாக மைய வழங்கிக்கு அனுப்பும். அனுப்பியது நல்லதா கெட்டதா என்று கிளையண்ட் தீர்மானிப்பதில்லை. அத்தீர்ப்பு மைய வழங்கியில் நடக்கிறது. வகுப்பு என்பது அந்தத் தீர்ப்புக்குரிய விதிகளை ஒரே வகைக் கணினிகளுக்குப் பொதுவாக எழுதுவதற்கான வழி.

எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. கோப்புப் பெயர்களையும் கட்டளைச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உண்மையான கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கிளாஸ், ஹோஸ்ட், லோட், டிஸ்க் போன்ற விதிச் சொற்கள் பெரிய எழுத்தில் வர வேண்டும். வகுப்புப் பெயர்களும் கணினிப் பெயர்களும் ஆங்கில எழுத்திலேயே இருப்பது நல்லது. நான்கு கோப்புகள் திரும்பத் திரும்ப வரும்: ஹோஸ்ட்ஸ், அனாலிசிஸ், கிளையண்ட்-லோக்கல், அலர்ட்ஸ். நான்கும் சிஎஃப்ஜி என்ற பின்னொட்டோடு, டெபியன் வகை லினக்ஸில் ஈடிசி அடைவின் கீழ் ஸைமோனுக்குரிய அடைவில் இருக்கும். 4.3 க்கு முந்தைய பதிப்புகளுக்கு எழுதப்பட்ட குறிப்புகளில் இவை பிபி-ஹோஸ்ட்ஸ், ஹாபிட்-கிளையண்ட்ஸ் முதலிய பழைய பெயர்களில் வரும். கண்டு மிரள வேண்டாம்.

முதலில் தாளும் பேனாவும்

ஸைமோனில் ஒரு கணினி ஒரு வகுப்பில் மட்டுமே இருக்க முடியும். இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் முடிவுகள் பலவும் தாமாக விளங்கும். நேகியோஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்திப் பழகியவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். அதில் ஒரு கணினியை எத்தனை குழுக்களில் வேண்டுமானாலும் சேர்க்கலாம், எனவே 'நிலாவெளி', 'லினக்ஸ்', 'தரவுத்தளம்' என்ற மூன்றிலும் ஒரே வழங்கியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஸைமோனில் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் முதலில் தேர்ந்தெடுத்தது இடம். விடுதிக்கு ஒரு வகுப்பு என ஏழும், அறைக்கு ஒன்றுமாக எட்டு வகுப்புகள். வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விடுதிக்குள் இருக்கும் கையடக்கக் கணினிக்கும் தரவுத்தளம் ஓடும் வழங்கிக்கும் பொதுவான எல்லை எதுவுமே இல்லை. இரண்டு ஜிபி நினைவகத்தோடு மெமரி கார்டில் ஓடும் கருவிக்குச் சுமை (ஓடிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 3 என்றால் அது மூச்சுத் திணறுகிறது என்று பொருள். எட்டுக் கோர் வழங்கிக்கு 3 என்பது சோம்பலான பிற்பகல். ஆகவே வகுப்பு விதிகள் எதற்கும் பயன்படாமல், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி விதி எழுதிக்கொண்டே போனேன். கோப்பு ஏறக்குறைய இருநூறு வரிகளுக்கு நீண்டது. அவற்றில் பாதி ஒன்றையொன்று திருப்பிச் சொல்பவை.

இயங்குதளத்தை வகுப்பாக்குவதிலும் பயனில்லை. வகுப்பு எதுவும் குறிக்காவிட்டால் ஸைமோன் தானாகவே இயங்குதளத்தின் பெயரை வகுப்பாக எடுத்துக்கொள்கிறது. தானாகக் கிடைப்பதை நாம் மறுபடி எழுதுவது எதற்கு? இடத்துக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது: ஹோஸ்ட்ஸ் கோப்பில் பேஜ் என்ற சொல்லால் கணினிகளைப் பக்கங்களாகப் பிரிக்கலாம், விதிகளிலும் அந்தப் பக்கத்தின் பெயரைச் சுட்டலாம். எஞ்சுவது தொழில். அந்தக் கணினி என்ன வேலை பார்க்கிறது என்பதே வகுப்பாக வேண்டும்.

எனவே கணினியைத் தொடுமுன் ஒரு தாளில் எல்லாக் கணினிகளின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எந்த எல்லையைத் தாண்டினால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? எந்தப் பதிவுக் கோப்பில் இதன் நோய் முதலில் தெரியும்? இது நின்றால் எவ்வளவு நேரத்துக்குள் நான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்? மூன்று விடைகளும் ஒத்துப்போகும் கணினிகள் ஒரு வகுப்பு. எனக்கு நான்கு கிடைத்தன: வாயில் (இணைய இணைப்பைப் பங்கிடும் கையடக்கக் கணினி), முன்பதிவு, மேசை, காப்பகம். இரண்டு விடைகள் ஒத்து ஒன்று மாறினால் புதிய வகுப்பு தொடங்காதீர்கள். அதற்குக் கணினிப் பெயரைச் சுட்டும் விதிவிலக்கே போதும். 27 கணினிகளுக்கு 15 வகுப்புகள் வந்தால் அது வகைப்படுத்தல் அன்று, பெயர் சூட்டு விழா.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் வகுப்பைக் குறித்தல்

இந்த வேலை எளிது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு வரியும் முகவரி, பெயர், # குறி, அதன் பின் அடையாளச் சொற்கள் என்ற வரிசையில் அமைகிறது. வகுப்புக்குரிய அடையாளச் சொல் # குறிக்குப் பின் வர வேண்டும்:

பேஜ் நிலாவெளி நிலாவெளி விடுதிகள்
192.168.41.1 நிலா1-வாயில் # கிளாஸ்:வாயில்
192.168.41.10 நிலா1-பதிவு # கிளாஸ்:முன்பதிவு
192.168.41.21 நிலா1-மேசை # கிளாஸ்:மேசை

இங்கே கிளாஸ் என்பதன் பின் முக்காற்புள்ளி வருகிறது. நடுவே இடைவெளி கூடாது. அனாலிசிஸ், அலர்ட்ஸ் கோப்புகளில் அதே சொல்லின் பின் சமக்குறி வரும். இந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் மாற்றி எழுதியவர்களில் நானும் ஒருவன். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கலக்காமல் முழுவதும் சிறிய எழுத்தாகவே வைத்துக்கொண்டால் வீண் தேடல் மிச்சம்.

வகுப்பைக் குறிப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. கிளையண்ட் நிரலைத் தொடங்கும்போது '--கிளாஸ்' என்ற தெரிவோடு வகுப்பின் பெயரைக் கொடுத்தால் அது ஒவ்வோர் அறிக்கையோடும் அப்பெயரையும் சேர்த்து அனுப்பும். இரண்டு இடத்திலும் குறித்திருந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் உள்ளதே செல்லும். நூற்றுக்கணக்கான கணினிகளைத் தானியங்கியாக நிறுவுகிற பெரிய நிறுவனத்துக்கு இரண்டாம் வழி வசதியாக இருக்கலாம். என் நிலை வேறு: வாடைக்காற்று தொடங்கி, மழையில் நிலாவெளிப் பக்கத்து இணைப்பு அறுந்திருக்கும் நாளில் ஒரு கணினியின் வகுப்பை மாற்ற வேண்டுமானால், அந்தக் கணினிக்குள் நுழைய வேண்டியிராத வழியே எனக்கு வேண்டும். ஆகவே எல்லா வகுப்புகளையும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டுமே குறிக்கிறேன். எந்த வழியை எடுத்தாலும் ஒன்றையே எடுங்கள். பாதி இங்கும் பாதி அங்குமாக இருந்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது.

அனாலிசிஸ் கோப்பு: எல்லைகளை எழுதுதல்

வகுப்பின் முழுப் பயனும் இந்தக் கோப்பில்தான் தெரியும். இதில் ஒரு நிபந்தனை வரி, அதன் கீழ் அந்த நிபந்தனைக்குட்பட்ட அளவுகள், அடுத்த நிபந்தனை வரி என்று தொகுதி தொகுதியாக எழுதலாம். என் கோப்பின் சுருக்கப்பட்ட வடிவம் இது:

ஹோஸ்ட்=நிலா3-வாயில்
  டிஸ்க் / 80 90

கிளாஸ்=வாயில்
  அப் 10எம்
  லோட் 2.0 4.0
  டிஸ்க் / 70 85

கிளாஸ்=முன்பதிவு
  டிஸ்க் /வார் 80 90
  ப்ராக் மரியாடிபிடி 1

கிளாஸ்=காப்பகம் டைம்=*:0100:0430
  லோட் 15.0 25.0

கிளாஸ்=காப்பகம்
  டிஸ்க் /காப்பு 96 98

டிஃபால்ட்
  அப் 1எச்
  லோட் 5.0 10.0
  டிஸ்க் * 90 95

இரண்டு எண்கள் வருமிடத்தில் முதலாவது மஞ்சளுக்கும் இரண்டாவது சிவப்புக்கும் உரிய எல்லை. கடைசித் தொகுதியிலுள்ள அளவுகள் ஸைமோனை நிறுவும்போதே கோப்பில் இருப்பவை. அவற்றை நான் தொடவில்லை. டிஃபால்ட் தொகுதி கோப்பின் கடைசியில்தான் இருக்க வேண்டும்.

எல்லைகளைத் தேடும்போது ஸைமோன் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியை எடுத்துக்கொள்கிறது. இந்தத் தேடல் தொகுதிக்கு ஒருமுறை நடப்பதன்று; ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே நடக்கிறது. நிலா3-வாயிலின் வட்டுக்கு மேலேயுள்ள தனி விதி பொருந்துவதால் அதன் எல்லை 80, 90 ஆகிறது. அதன் சுமைக்குத் தனி விதி இல்லாததால் தேடல் கீழே இறங்கி, வாயில் வகுப்பின் 2.0, 4.0 ஐ எடுத்துக்கொள்கிறது; நினைவகத்துக்கு அங்கும் விதி இல்லாததால் இன்னும் இறங்கி டிஃபால்ட் தொகுதிக்குப் போகிறது. எனவே குறுகியது மேலே, பரந்தது கீழே: தனிக் கணினி, நேரம் குறித்த வகுப்பு, வெறும் வகுப்பு, டிஃபால்ட் என்ற வரிசையைக் கலைக்காதீர்கள். காப்பக வகுப்புக்குரிய இரு தொகுதிகளையும் ஒன்றாக்கிவிடலாமே என்று தோன்றும். ஒன்றாக்கினால் நள்ளிரவுப் படியெடுப்புக்காகத் தளர்த்திய சுமை எல்லை பகலுக்கும் பொருந்திவிடும். பகலில் காப்பக வழங்கியின் சுமை 12 ஐத் தொட்டால் அது நான் அறிய வேண்டிய செய்தி.

நிரல்களைச் சரிபார்க்கும் ப்ராக் விதி இவ்வாறு முதற்பொருத்தத்தோடு நிற்பதில்லை. பொருந்துகிற ப்ராக் விதிகள் அனைத்தும் ஒன்றுசேரும். ஆகவே முன்பதிவு வகுப்புக்குத் தரவுத்தள நிரலையும், அதில் ஒரே ஒரு வழங்கிக்குக் கூடுதலாக வேறொரு நிரலையும் சரிபார்க்க வேண்டுமானால், தனிக் கணினித் தொகுதியில் அந்தக் கூடுதல் நிரலை மட்டும் எழுதினால் போதும்.

எல்லைகளை எப்படி முடிவு செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப் என்ற விதி, கணினி அண்மையில் மறுதொடக்கமானால் மஞ்சள் காட்டுவது. இயல்பில் ஒரு மணி நேரம். முன்பதிவு வழங்கிகளுக்கு யூபிஎஸ் இருக்கிறது. அவை மறுதொடங்கினால் காரணம் தேட வேண்டும், அதனால் ஒரு மணி நேர மஞ்சள் நியாயமானது. வாயில் கருவிகளுக்கு யூபிஎஸ் இல்லை. மின்வெட்டு வந்து ஜெனரேட்டர் பிடிக்கும் இடைவெளியில் ஒவ்வொரு முறையும் அவை அணைந்து எழும்பும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் என் திரை முழுவதும் மஞ்சளாகவே கிடந்தது. அந்த மஞ்சளுக்குள் உண்மையான மஞ்சள் எது என்று பார்க்க முடியவில்லை. பத்து நிமிடமாகக் குறைத்தது அதன் பின்புதான். வாயிலின் வட்டு எல்லையை 70 ஆக இறுக்கியதற்குக் காரணம், மெமரி கார்டு நிறைய நிறைய எழுதும் இடங்கள் சுருங்கி விரைவில் தேய்கிறது என்பது. காப்பக வட்டு நிறைந்திருப்பது அதன் தொழில். 90 இல் எச்சரித்தால் வருடம் முழுவதும் எச்சரிக்கும்.

மேசை வகுப்புக்கு இந்தக் கோப்பில் தொகுதியே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எல்லைகள் டிஃபால்ட் தொகுதியோடு ஒத்துப்போகின்றன. அந்த வகுப்பு தேவைப்படுவது எச்சரிக்கைகளுக்காக மட்டும். எல்லா வகுப்பும் எல்லாக் கோப்பிலும் தலைகாட்ட வேண்டும் என்ற சட்டம் எதுவுமில்லை.

கிளையண்ட்-லோக்கல் கோப்பும் என் ஆகஸ்ட் மாதமும்

பதிவுக் கோப்புகளைக் கண்காணிக்க இரண்டு இடத்தில் எழுத வேண்டும். எந்தப் பதிவுக் கோப்பை அனுப்ப வேண்டும் என்று கிளையண்டுக்குச் சொல்வது கிளையண்ட்-லோக்கல் கோப்பு. அனுப்பப்பட்டதில் எந்தச் சொற்றொடர் அபாயம் என்று தீர்ப்பது அனாலிசிஸ் கோப்பு. இரண்டும் மைய வழங்கியிலேயே இருக்கின்றன. கிளையண்ட் தன் அறிக்கையை அனுப்பும்போது, அதற்குரிய கட்டளைகள் விடையாகத் திரும்பிச் செல்லும்.

கிளையண்ட்-லோக்கல் கோப்பு சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பு வைத்த பகுதிகளால் ஆனது. நிறுவியவுடன் [லினக்ஸ்] போன்ற இயங்குதளப் பகுதிகள் அதில் இருக்கும். நம் வகுப்புக்கு அதே வடிவில் ஒரு பகுதி சேர்க்கிறோம்:

[வாயில்]
லாக்:/வார்/லாக்/சிஸ்லாக்:10240

சிஸ்லாக் என்பது லினக்ஸ் தன் பொதுச் செய்திகளைப் பதியும் கோப்பு. கடைசி எண், ஒருமுறை அனுப்பக்கூடிய உச்ச அளவு, பைட் கணக்கில். அனாலிசிஸ் கோப்பின் வாயில் தொகுதியில் இதற்கு இணையான வரி:

  லாக் /வார்/லாக்/சிஸ்லாக் %ஐ/ஓ.எரர் கலர்=ரெட்

விழுக்காட்டுக் குறி, பின்வருவது ஒழுங்குத்தொடர் (பல சொற்றொடர்களுக்குப் பொருந்தக்கூடிய தேடல் வார்ப்பு) என்பதைச் சொல்கிறது. இதே குறியை ஹோஸ்ட், கிளாஸ் நிபந்தனைகளிலும் பயன்படுத்தலாம்.

இனி என் பிழை. வகுப்புகளைப் புதிதாகப் பிரித்த வாரத்தில், வாயில் வகுப்புக்கு இணைய நுழைவுக்கான ஒரு சிறிய பதிவுக் கோப்பை மட்டும் கண்காணிக்க விரும்பி, [வாயில்] என்ற தலைப்பின் கீழ் அந்த ஒரு வரியை எழுதினேன். சிஸ்லாக் ஏற்கெனவே [லினக்ஸ்] பகுதியில் இருக்கிறதே, அது எல்லா லினக்ஸ் கணினிக்கும் பொருந்தும்தானே என்று எண்ணினேன். பொருந்தாது. ஸைமோன் முதலில் கணினியின் பெயரில் பகுதி இருக்கிறதா என்று பார்க்கிறது; இல்லையென்றால் வகுப்பின் பெயரில்; அதுவும் இல்லையென்றால் இயங்குதளத்தின் பெயரில். முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டுத் தேடலை நிறுத்துகிறது. அனாலிசிஸ் கோப்பில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே கீழிறங்கும் தேடல் இங்கே இல்லை. நான் [வாயில்] பகுதியை எழுதிய நிமிடமே ஏழு கருவிகளும் சிஸ்லாக்கை அனுப்புவதை நிறுத்திவிட்டன. சிவப்பு வரவில்லை, மஞ்சள் வரவில்லை. குற்றம் சொல்ல ஆளில்லாத அமைதி. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அறைகள் நிறைந்திருந்த ஒரு விடுதியின் வாயில் கருவி எழும்பாமல் போனது. கார்டைக் கழற்றி வந்து பார்த்தபோது, அது பல நாட்களாகவே கார்டில் எழுத முடியாமற்போன பிழைகளைச் சிஸ்லாக்கில் பதிந்து கூப்பாடு போட்டிருந்தது தெரிந்தது.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வகுப்புப் பகுதி எழுதும்போது இயங்குதளப் பகுதியில் உள்ள வரிகளையும் அதில் படியெடுத்துச் சேர்ப்பது. மற்றது, ஸைமோனின் நிரல்களைத் தொடங்கும் டாஸ்க்ஸ் கோப்பில், அதன் மைய நிரலான ஸைமோன்டியின் கட்டளை வரியில் '--மெர்ஜ்-கிளையண்ட்லோக்கல்' என்ற தெரிவைச் சேர்ப்பது. அப்போது பொருந்தும் எல்லாப் பகுதிகளும் ஒன்றாக்கப்பட்டு அனுப்பப்படும். இரண்டாவது நவீனமாகத் தோன்றும். ஆயினும் நான் முதலாவதையே பின்பற்றுகிறேன்: ஒரு வகுப்புக்கு என்னென்ன போகிறது என்பதை அந்த ஒரு பகுதியைப் படித்தே அறிய முடிகிறது, நான்கு வகுப்புகளுக்கு இரண்டு மூன்று வரிகள் திரும்ப வருவதால் நட்டமும் இல்லை. இருபது வகுப்புகள் இருப்பவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தால் நான் வாதாட மாட்டேன்.

இதே மறைவு அனாலிசிஸ் கோப்பிலும் வேறு உருவில் நிகழக்கூடும். யாராவது முன்பு 'கிளாஸ்=லினக்ஸ்' என்று விதி எழுதியிருந்தால், நீங்கள் ஒரு கணினிக்குப் புதிய வகுப்பு கொடுத்தவுடன் அது லினக்ஸ் வகுப்பிலிருந்து விலகிவிடும்; அந்த விதி அதற்குப் பொருந்தாது. வகுப்புகளை அறிமுகப்படுத்தும் முன் அந்தச் சொல்லைக் கோப்பு முழுவதும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு நடைமுறைச் செய்திகள். கிளையண்ட், ஸைமோன் என்ற சாதாரணப் பயனர் பெயரில் ஓடுகிறது. டெபியனில் சிஸ்லாக்கைப் படிக்க அந்தப் பயனரை, பதிவுக் கோப்புகளைப் படிக்க உரிமையுள்ள 'adm' என்ற குழுவில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் விதியெல்லாம் சரியாக இருந்தும் உள்ளடக்கம் வராது. அடுத்தது பொறுமை: மைய வழங்கி கிளையண்ட்-லோக்கல் கோப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கும்; அதன் பின் வரும் அறிக்கைக்கு விடையாகக் கட்டளை செல்லும்; அதற்கடுத்த அறிக்கையில்தான் விளைவு தெரியும். மாற்றிய உடனேயே பார்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று மறுபடி மாற்றினால், எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்பது குழம்பிவிடும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

எச்சரிக்கைகள்

அலர்ட்ஸ் கோப்பிலும் கிளாஸ் நிபந்தனை செல்லும். இங்கே தேடலின் இயல்பு மறுபடி மாறுகிறது: பொருந்தும் எல்லா விதிகளும் செயற்படும், ஒரு பெறுநரின் வரியில் ஸ்டாப் என்று எழுதியிருந்தால் மட்டுமே தேடல் அங்கு நிற்கும்.

கிளாஸ்=முன்பதிவு கலர்=ரெட்
  ஸ்கிரிப்ட் குறுஞ்செய்தி-நிரல் என்-எண் டியூரேஷன்>5எம் ரிப்பீட்=20எம்

கிளாஸ்=வாயில் பேஜ்=நிலாவெளி கலர்=ரெட்
  மெயில் நிலாவெளித்-தொழில்நுட்பவியலாளர் டியூரேஷன்>20எம்

கிளாஸ்=மேசை டைம்=*:0700:2100
  மெயில் என்-முகவரி டியூரேஷன்>30எம் ரிப்பீட்=1டி

முன்பதிவு வழங்கி ஐந்து நிமிடம் சிவப்பில் இருந்தால் என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாயில் கருவிக்கு இருபது நிமிடம் காத்திருக்கிறேன், ஜெனரேட்டர் பிடிக்கட்டும் என்று. இரண்டாம் விதியில் வகுப்பும் பக்கமும் கைகோர்ப்பதைப் பாருங்கள்: என்ன கருவி என்பதை வகுப்பும், யார் போக வேண்டும் என்பதை இடமும் தீர்மானிக்கின்றன. இடத்தை வகுப்புக்குள் திணிக்காமல் விட்டதன் பலன் இந்த வரியில் கிடைக்கிறது.

மேசைக் கணினிகளை இரவில் அணைத்துவிடுவார்கள். அரை மணி நேரம் அறிக்கை வராவிட்டால் ஸைமோன் அவற்றின் நிலையை ஊதா நிறத்தில் காட்டும். நேர நிபந்தனை இருப்பதால் இரவில் மின்னஞ்சல் வராது. ஆனால் திரையில் ஊதா தெரியத்தான் செய்யும். அதையும் நீக்க ஹோஸ்ட்ஸ் கோப்பில் டவுன்டைம் என்ற அடையாளம் இருக்கிறது. அதை ஒவ்வொரு கணினியின் வரியிலும் எழுத வேண்டும், வகுப்பு வழியாகக் கொடுக்க முடியாது. பிங் (கணினி பிணையத்தில் விடையளிக்கிறதா என்று பார்ப்பது), வலைத்தளம் போன்ற பிணையச் சோதனைகளும் அப்படியே. வகுப்பு ஆள்வது கிளையண்ட் அனுப்பும் தரவையும் எச்சரிக்கைகளையும் மட்டுமே. வாயில் கருவி நின்றால் அதன் பின்னால் உள்ள எல்லாமே சிவப்பாகும் தொல்லைக்கும் வகுப்பில் மருந்து இல்லை. அதற்கு அந்தக் கணினிகளின் வரியில் 'ரூட்:' என்ற அடையாளத்தோடு வாயிலின் பெயரைச் சேர்த்தால், வாயில் செத்திருக்கும்போது அவற்றின் பிங் சோதனை சிவப்புக்குப் பதில் மஞ்சளாகும்.

சோதித்துப் பார்த்தல்

ஸைமோன்சிஎம்டி என்ற உறை நிரலின் வழியாக ஸைமோன்டி_கிளையண்ட் நிரலை '--டெஸ்ட்' தெரிவோடு ஓட்டினால், அது கணினியின் பெயரையும் சோதனையின் பெயரையும் கேட்டு, எந்த எல்லை பொருந்துகிறது என்று காட்டும். வகுப்புக்கு ஒரு கணினி, விதிவிலக்கு உள்ள ஒவ்வொரு கணினி என்று எடுத்துச் சோதியுங்கள். எச்சரிக்கைகளுக்கு ஸைமோன்டி_அலர்ட் நிரலை அதே தெரிவோடு, கணினியின் பெயரும் சோதனையின் பெயரும் கொடுத்து ஓட்டலாம். எந்த விதிகள் பொருந்தின, யாருக்குச் செய்தி போகும் என்று வரிவரியாகச் சொல்லும். இரவு நேர விதியைச் சோதிக்க இரவு வரை விழித்திருக்கத் தேவையில்லை. நேரத்தைத் தெரிவாகக் கொடுக்கலாம்.

காகிதச் சோதனை போதாது. என் ஆகஸ்ட் பிழையை மேற்சொன்ன இரு நிரல்களும் காட்டியிருக்க மாட்டா. விதிகள் சரியாகவே இருந்தன, தரவுதான் வரவில்லை. ஆகையால் வகுப்புக்கு ஒரு கணினியில் லாகர் கட்டளையால், விதியில் உள்ள அதே சொற்றொடரைச் சிஸ்லாக்கில் நீங்களே எழுதி, பத்து நிமிடத்துக்குள் ஸைமோன் திரையில் அந்தக் கணினியின் 'செய்திகள்' கட்டம் சிவப்பாகிறதா என்று பாருங்கள். கிளையண்ட் அரை மணி நேரத்துக்குரிய பதிவுகளை அனுப்புவதால், அந்தச் சிவப்பு அவ்வளவு நேரம் நின்று பின் தானாகப் பச்சையாகும். இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை, வகுப்புக்கு ஒன்றாகச் செய்கிறேன். விடுதி முகாமையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 'தம்பி, சிவப்பாய்க் கிடக்குது' என்று அழைப்பு வரும்.

பருவம் மாறும்போதும் தொழில் மாறும்போதும்

எங்கள் கரையில் சுற்றுலாக் கூட்டம் மே முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் முன்பதிவு வழங்கிகளின் சுமை இயல்பாகவே உயரும். மாரி தொடங்கியபின் அதே சுமை வந்தால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டும். டைம் நிபந்தனைக்குக் கிழமையும் மணியும் தெரியும், மாதம் தெரியாது. இதற்காகப் பருவத்துக்கு ஒரு வகுப்பு படைத்து, வருடம் இருமுறை ஏழு கணினிகளின் வரியைத் திருத்துகிறவர்கள் உண்டு. நான் வகுப்பைத் தொடுவதில்லை. முன்பதிவு வகுப்பின் தொகுதியைத் தனிக் கோப்பாக்கி, அனாலிசிஸ் கோப்பில் அது இருந்த இடத்தில் இன்க்லூட் என்ற சொல்லோடு அதன் பெயரை எழுதியிருக்கிறேன். அந்தப் பெயர் ஒரு குறியிணைப்பு; ஏப்ரல் கடைசியில் ஒரு கோப்பையும் ஒக்டோபரில் மற்றதையும் சுட்டும்படி மாற்றிவிடுகிறேன்.

ஒரு கணினியின் தொழிலே மாறினால் வகுப்பும் மாற வேண்டும். சென்ற வருடம் பழைய முன்பதிவு வழங்கி ஒன்றை மூன்றாவது காப்பகமாக்க நினைத்தபோது, ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு சொல்லை மாற்றியதோடு எல்லைகள், பதிவுக் கோப்புகள், எச்சரிக்கைகள் மூன்றும் தாமாக மாறின. மாறாமல் நின்றது, அதன் பெயரைச் சுட்டி நான் எப்போதோ எழுதிவைத்த ஒரு ஹோஸ்ட் விதி. அது மேலே இருந்ததால் புதிய வகுப்பின் வட்டு எல்லையை மறைத்துக்கொண்டிருந்தது. வகுப்பை மாற்றும் நாளில் அந்தக் கணினியின் பெயரை நான்கு கோப்புகளிலும் தேடிப் பழைய விதிவிலக்குகளை அழித்துவிடுங்கள். வரைபடங்களைப் பற்றி அஞ்ச வேண்டாம்: அவற்றின் தரவு கணினியின் பெயரில் சேமிக்கப்படுகிறது, வகுப்பின் பெயரில் அன்று. பெயரை மாற்றாதவரை பழைய வரைபடங்கள் தொடர்ந்து இருக்கும்.